குற்றவாளி பெயின்ட்தான், கனம் நீதிபதி அவர்களே!

குற்றவாளி பிடிபட்டாயிற்று. பெயர் பிட்டுமன் எனாமல். தார் குடும்பத்தைச் சேர்ந்த பெயின்ட். அளவு, ஒரு சொட்டு. 1939 ஜூன் மாதம் லிவர்பூல் விரிகுடாவில் 99 மனிதர்கள் செத்ததற்கு முழுமுதற் காரணம் இந்தச் சொட்டுதான். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்துக்கு அதில் சங்கடமில்லை, நீர்மூழ்கியைக் கட்டிய கம்பெனிக்கும் ஆட்சேபம் இல்லை. பெயின்ட்டுக்கு வாய் கிடையாது, வக்கீல் கிடையாது, வாக்குரிமையும் கிடையாது. பழியைச் சுமக்க இதைவிடத் தோதான ஆசாமி எங்கே கிடைப்பான்?

அந்த நீர்மூழ்கியின் பெயர் தெட்டிஸ். பர்க்கன்ஹெட்டில் கேமல் லேர்ட் கம்பெனி கட்டியது. 1938 ஜூனில் தண்ணீரில் இறக்கி, ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1939 ஜூன் 1ஆம் தேதி கடலில் முழுதாக மூழ்கடித்துப் பார்க்கும் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். அதன் ஆள்பலம் 53. அன்று உள்ளே இருந்தவர்கள் 103. கடற்படை மேலதிகாரிகள், அடுத்தடுத்துக் கட்டிக்கொண்டிருந்த நீர்மூழ்கிகளின் அதிகாரிகள், கம்பெனி இன்ஜினியர்கள், ஆற்றில் வழிகாட்டும் பைலட், இவ்வளவு பேருக்கும் மதியச் சாப்பாடு பரிமாற இரண்டு கேட்டரிங் ஆட்கள். சோதனை ஓட்டம் என்பது ஆபத்தான வேலை, அதில் எவ்வளவு குறைவான ஆட்கள் இருக்கிறார்களோ அவ்வளவு நல்லது என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பினார்கள். மூழ்குவதற்கு முன் வேண்டாதவர்கள் கூட வந்த இழுவைப் படகில் ஏறிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு இருந்தது. ஒருவரும் ஏறவில்லை.

பிற்பகல் இரண்டு மணி அளவில் மூழ்க ஆரம்பித்தார்கள். தெட்டிஸ் மூழ்க மாட்டேன் என்றது! மூழ்குவதற்கென்றே பெற்ற பிள்ளை, தண்ணீருக்குள் போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. அன்றைக்கு அங்கே புத்தியோடு நடந்துகொண்டது அந்த இரும்பு ஒன்றுதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். முன்பக்கம் எடை போதவில்லை. காகிதத்தில் எடை சரியாக இருந்தது. 5ஆம் எண், 6ஆம் எண் டார்பிடோ குழல்களில் தண்ணீர் நிரப்பியிருப்பதாகக் கணக்குத் தாள் சொன்னது. நிஜமாகவே நிரப்பியிருக்கிறதா என்று பார்த்துவர டார்பிடோ அதிகாரியான லெப்டினன்ட் மூக்குப் பகுதிக்குப் போனார்.

டார்பிடோ குழல் என்பது 53 சென்டிமீட்டர் அகலமுள்ள நீளமான இரும்புக் குழல். அதற்கு இரண்டு வாய். கடல் பக்கம் ஒரு மூடி, ஆள் இருக்கும் பக்கம் ஒரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் கடல் நேராக வீட்டுக்குள் வந்துவிடும். எனவே கதவைத் திறக்குமுன் குழலுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கதவிலேயே சின்னதாக ஒரு சோதனைத் திருகு வைத்திருந்தார்கள். திருகினால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் உள்ளே தண்ணீர், பீய்ச்சாவிட்டால் காலி. லெப்டினன்ட் 5ஆம் எண் குழலின் திருகைத் திருகினார். ஒரு சொட்டும் வரவில்லை. குழல் காலி என்று முடிவாயிற்று. கதவைத் திறந்தார்கள். ஐரிஷ் கடல் உள்ளே வந்தது.

கடல் பக்கத்து மூடி திறந்து கிடந்திருக்கிறது. குழல் விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. திருகில் தண்ணீர் வராததற்குக் காரணம், குழலின் உள்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பெயின்ட் அந்தத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டதுதான். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஸ்விட்ச் போர்டின் மேலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவாரே, அந்தக் கதை. பெயின்ட் அடித்தவர் பார்க்கவில்லை. அடித்ததைச் சரிபார்க்க வேண்டிய கம்பெனி பார்க்கவில்லை. கம்பெனியைச் சரிபார்க்க வேண்டிய கடற்படை மேற்பார்வையாளரும் குழலைப் பார்த்து ‘சரி’ என்று விட்டுவிட்டார். துளை அடைபட்டால் குத்திப் பார்க்க ஒரு குத்தூசியும் அங்கேயே உண்டு. அன்று யாரும் அதை எடுக்கவில்லை. கடல் பக்கத்து மூடி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று காட்டும் முள்களையோ, பார்ப்பவரைக் குழப்புவதற்கென்றே வைத்த மாதிரி அமைத்திருந்தார்கள்.

தண்ணீர் வந்த வேகத்தில் ஆட்கள் பின்வாங்கி, அடுத்த அறைக்கான நீர்த்தடுப்புக் கதவை மூடப் பார்த்தார்கள். அந்தக் கதவை இறுக்க 18 திருகு நட்டுகள். ஆபத்து நேரத்தில் ஒரே இழுப்பில் மூட வேண்டிய கதவுக்கு 18 நட்டு வைத்த மகானுக்கு எந்தப் பல்கலைக்கழகமாவது டாக்டர் பட்டம் கொடுத்ததா தெரியவில்லை. அவற்றில் ஒன்று தொங்கிக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கதவு மூடவில்லை. அதற்கும் அடுத்த கதவைத்தான் மூட முடிந்தது. இரண்டு அறைகள் நிரம்பிய தெட்டிஸ் சுமார் 49 மீட்டர் ஆழத்தில் தரையில் மூக்கைக் குத்தி நின்றது.

மேலே என்ன நடந்தது என்று பார்ப்போம். கூட வந்த இழுவைப் படகான கிரீப்காக்கில் ஒரு கடற்படை அதிகாரி இருந்தார். தெட்டிஸ் போன விதம் அவருக்குச் சரியாகப் படவில்லை. ஆனால், மேலதிகாரிகள் நிறைந்த நீர்மூழ்கி மூழ்கிவிட்டது என்று ஒரு சின்ன அதிகாரி கத்திவிட்டு, அது பாட்டுக்கு மேலே வந்து நின்றால் அவர் கதி என்ன? எனவே கரைக்கு ஒரு மரியாதையான கேள்வியை அனுப்பினார்: தெட்டிஸ் எவ்வளவு நேரம் மூழ்கியிருப்பதாக ஏற்பாடு? அவ்வளவுதான். அந்தச் செய்தி வானொலி நிலையம் போய், அங்கிருந்து தந்தியாகி, கடைசியில் நீர்மூழ்கிப் படைத் தலைமையகம் இருந்த காஸ்போர்ட் ஊரின் தபாலாபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்துவிட்டு வரத் தந்திப் பையன் சைக்கிளை எடுத்தான். சைக்கிள் பஞ்சர்.

உலகத்தின் ஆகப்பெரிய கடற்படை. சூரியன் மறையாத சாம்ராஜ்யம். 103 உயிர்களின் விவரம் ஒரு சிறுவனின் சைக்கிள் டியூபில் காற்று இல்லாததால் தெருவில் நின்றது. பஞ்சர் ஒட்டித் தந்தி தலைமையகம் போனபோது மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. இதையும் பின்னால் விசாரணையில் பதிவு செய்தார்கள். பெயின்ட்டுக்குத் துணையாகப் பஞ்சரும் குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று. அவசரச் செய்தியைச் சைக்கிளில் கொண்டுபோகும்படி ஏற்பாடு வைத்திருந்தவர்கள் மட்டும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு பிரேசன் என்ற போர்க்கப்பல் தெட்டிஸைக் கண்டுபிடித்தது. தேட வேண்டிய அவசியமே இல்லாதபடி அதன் வால் கடலுக்கு மேலே தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் ராத்திரி முழுக்கப் பாடுபட்டு, பின்பக்கத்துத் தண்ணீரையும் எண்ணெயையும் வெளியேற்றி வாலை மேலே தூக்கியிருந்தார்கள். தாங்கள் செய்ய வேண்டியதை அவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். 53 பேருக்கு வரும் காற்றை 103 பேர் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். கரியமில வாயு ஏற ஏறத் தலைவலி, வாந்தி, கை கால் சொன்ன பேச்சைக் கேட்காமை. இரண்டு பேர் தப்பும் அறை வழியாக மேலே வந்தார்கள். நேரம் போதாது என்று அடுத்து நாலு பேரை ஒன்றாக அடைத்து அனுப்பப் பார்த்தார்கள்; அது சாவில் முடிந்தது. பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மொத்தம் நான்கு. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

மேலே கப்பல்கள் கூடின. வாலைச் சுற்றி வடம் கட்டினார்கள். துறைமுகத்து ஆள் ஒருவர் வால்மீது ஏறி ஒரு மூடியின் நட்டுகளைக் கழற்றத் தொடங்கினார். உள்ளிருந்து காற்று சீறியதும் கீழே இறங்கிவிட்டார். கையெட்டும் தூரத்தில் இரும்பு, அதற்குப் பின்னால் மனிதர்கள். வெட்டுகிற கருவி நேரத்துக்கு வந்து சேரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வடம் அறுந்தது. வாலும் மறைந்தது. கப்பல் கட்டவும் கப்பலை மூழ்கடிக்கவும் வல்ல ஒரு தேசம், பட்டப்பகலில், கரைக்குப் பக்கத்தில், தன் கண்ணெதிரே நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பிடித்துக்கொள்ளத் தெரியாமல் நின்றது.

நீதிபதி பக்னில் தலைமையில் விசாரணை. சாட்சிகள், மாதிரிகள், வரைபடங்கள். எல்லாம் விசாரித்துவிட்டு அவர் காரணங்களை வரிசையாக அடுக்கினார். அடைபட்ட துளை, திறந்திருந்த மூடி, மூடாத கதவு, தாமதமான உதவி. ஒவ்வொன்றும் உண்மை. யார்மீதும் குற்றம் இல்லை என்பதுதான் கூட்டுத்தொகை. காரணங்கள் இருக்கின்றன, காரணகர்த்தா இல்லை. துளை தன்னைத்தானே அடைத்துக்கொண்டது போலவும், கதவு தானாகவே 18 நட்டுகளை வளர்த்துக்கொண்டது போலவும் ஓர் அறிக்கை. பூசி மெழுகுவதில் அந்தப் பெயின்டரையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள்.

விதவைகள் சும்மா இருக்கவில்லை. கம்பெனிமீது வழக்குப் போட்டார்கள். வழக்கை நிரூபிக்கக் கப்பல் ஒப்பந்தமும் வரைபடங்களும் சோதனைக் குறிப்புகளும் வேண்டும் என்று கேட்டார்கள். கொடுக்கக் கூடாது என்று கடற்படை அமைச்சரே சத்தியப் பிரமாணம் தாக்கல் செய்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. 1942இல் தீர்ப்பு: அமைச்சர் தக்க முறையில் ‘பொதுநலனுக்குக் கேடு’ என்று சொல்லிவிட்டால் அதுவே முடிவு, நீதிமன்றம் அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்கவே தேவையில்லை.

போர் நடந்துகொண்டிருந்தது, நீர்மூழ்கியின் வரைபடத்தை ஹிட்லர் கையில் கொடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். தீர்ப்பு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது. அரசுத் துறைகள் ஒழுங்காக நடப்பதற்கு ஒரு வகைக் காகிதங்கள் வெளியே வராமல் இருப்பது அவசியம் என்றால் அந்த வகை முழுவதையுமே மறைக்கலாமாம். போர் ரகசியத்தைப் பூட்டச் செய்த பூட்டு, பியூன் நோட்டுப் புத்தகத்துக்கும் பொருந்துகிறபடி அமைந்துவிட்டது. அடுத்த கால் நூற்றாண்டு பிரிட்டனின் எல்லாத் துறைகளும் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தன.

1946இல் நஷ்டஈட்டு வழக்கும் பிரபுக்கள் சபையில் முடிந்தது. கம்பெனி பொறுப்பில்லை. லெப்டினன்ட் பொறுப்பில்லை. பெயின்ட் அடித்த காண்ட்ராக்டரும் பொறுப்பில்லை. அந்தக் காகிதப் பூட்டு 1968இல்தான் உடைந்தது. அதை உடைத்தது எந்த வழக்கு தெரியுமா? டார்ச் லைட் ஒன்றைத் திருடினார் என்று குற்றம் சாட்டப்பட்டு விடுதலையான ஒரு பயிற்சிக் காவலரின் வழக்கு. தன்மீது பொய்வழக்குப் போட்டதாக அதிகாரிமீது வழக்குத் தொடுத்து, தன்னைப் பற்றிய அறிக்கைகளை அவர் கேட்டார், நீதிபதிகள் நாங்களே பார்த்து முடிவு செய்கிறோம் என்றார்கள். இருட்டில் செத்த 99 பேருக்காகத் திறக்காத பீரோ ஒரு டார்ச் லைட்டுக்காகத் திறந்தது.

இது வெள்ளைக்காரன் வீட்டு விவகாரம் என்று நாம் விலகிவிட முடியாது. தெட்டிஸ் தீர்ப்பு நம் ஊருக்கும் கப்பலேறி வந்தது. அரசின் வெளியிடாத ஆவணங்களைத் துறைத் தலைவர் அனுமதியின்றிச் சாட்சியமாக்கக் கூடாது என்றது 2024 வரை நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. 1960இல் பஞ்சாப் அரசு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அதற்குப் பொருள் சொன்னபோது தெட்டிஸ் தீர்ப்பை எடுத்து அலசியது. ஆவணத்தைக் காட்டுவதா வேண்டாமா என்ற முடிவைப் பெரும்பான்மை நீதிபதிகள் துறைத் தலைவரிடமே விட்டார்கள். நீதிமன்றமே பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று தெளிவாகச் சொல்ல 1981 ஆயிற்று. 2019இல் சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ நாளிதழ் ரஃபேல் விமான பேரத்தின் கோப்புகளை அச்சிட்டு ஊரே படித்து முடித்த பிறகும், அவை ரகசியம், நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்று மத்திய அரசு இதே பிரிவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய பேப்பரை ரகசியம் என்று வாதாடத் தனித் துணிச்சல் வேண்டும்.

கடலுக்குத் திரும்புவோம். 2004இல் கனடா, பிரிட்டனிடம் வாங்கிய பழைய நீர்மூழ்கி ஒன்றைச் சிக்கூட்டிமி என்று பெயர் மாற்றி ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனது. பழுது பார்க்க மேல்மூடியும் கீழ்மூடியும் திறந்திருந்த நேரத்தில் அலை உள்ளே புகுந்து, மின்கம்பிகள் தீப்பிடித்து ஓர் அதிகாரி இறந்தார். 2021இல் இந்தோனேசியாவின் நங்கலா 53 பேரோடு பாலித் தீவுக்கு வடக்கே மூழ்கியது. அந்த நீர்மூழ்கி 1981இல் சேவைக்கு வந்தது. கடற்படைத் தலைமை சொன்னது: மனிதத் தவறு இல்லை, இயற்கை. கடலுக்கு அடியில் ஓடும் அலை இழுத்திருக்கலாமாம். பெயின்ட், பஞ்சர், அலை. குற்றவாளிப் பட்டியலில் இன்னும் காற்று, நிலவு, சனிப்பெயர்ச்சிதான் பாக்கி.

பிரிட்டன் செய்ததையெல்லாம் தாண்டியது அர்ஜென்டினா. ஆரா சான் ஹுவான் என்ற டீசல் நீர்மூழ்கி ஜெர்மனியில் கட்டியது. 1985இல் சேவைக்கு வந்தது. பிறகு உடலை நடுவில் இரண்டாக அறுத்து, என்ஜின்களையும் பேட்டரிகளையும் மாற்றி, மறுபடி ஒட்டினார்கள். இன்னும் முப்பதாண்டு ஓடும் என்று மார்தட்டினார்கள். அதற்குப் பிறகு உலர் துறையில் ஏற்றிப் பார்க்க வேண்டிய கெடு வந்தது, போனது. காசு இல்லை என்றார்கள்.

டீசல் நீர்மூழ்கி மூச்சு விட வேண்டும். என்ஜின் ஓடக் காற்று வேண்டும் என்பதால் அவ்வப்போது மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குழாயை நீட்டும். அலை அடித்தால் குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். 2017 நவம்பர் 15 அதிகாலை, புயல் கடலில், காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்து முன்பக்க பேட்டரி அறைக்குப் போயிற்று. உப்பு நீரும் பேட்டரியும் சேர்ந்தால் முதலில் மின்கசிவு, பிறகு தீ, கூடவே விஷவாயு. தண்ணீர் வந்தது, தீ தொடங்கியது, முன் பேட்டரிகள் வேலை செய்யவில்லை என்று உள்ளிருந்து தெளிவாகச் செய்தி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு 44 பேரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தென் அமெரிக்காவின் முதல் பெண் நீர்மூழ்கி அதிகாரியும் அவர்களில் ஒருவர்.

மின்கோளாறு ஏதோ ஏற்பட்டது என்று கடற்படை குடும்பங்களிடம் மென்று விழுங்கியது. தண்ணீர் புகுந்த செய்தி நாட்கள் கழித்து, அதுவும் கசிந்த பிறகுதான் முழுதாக வெளியே வந்தது. அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்கக் கடலில் வைத்திருக்கும் கருவிகள், செய்தி நின்ற அன்றே வெடிப்பு போன்ற ஒரு சத்தத்தைப் பதிவு செய்திருந்தன. அதை உலகம் கேட்டதும் ஒரு வாரம் கழித்துத்தான். தேடுதலைத் தொடரச் சொல்லிக் குடும்பங்கள் தலைநகரில் அதிபர் மாளிகைக்கு எதிரே 50 நாளுக்கு மேல் குளிரில் கூடாரம் போட்டுக் கிடந்தன. அதன் பிறகுதான் தனியார் கம்பெனி ஒன்று வந்தது. ஓராண்டு நினைவுநாளுக்கு மறுநாள், 907 மீட்டர் ஆழத்தில் நசுங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தது. மேலே கொண்டுவர எங்களிடம் வசதி இல்லை என்று அரசு கைவிரித்தது.

அரசிடம் இன்னொரு வசதி இருந்தது. உளவுத்துறை. மூச்சுக்குழாயில் கசியும் தண்ணீரைக் கண்காணிக்க ஆள் இல்லாத நாட்டில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரைக் கண்காணிக்க ஆள் இருந்தது. எங்கே கூடுகிறார்கள், அதிபர் ஊருக்கு வந்தால் என்ன கோஷம் போடுவார்கள் என்று ஒற்றர்கள் அறிக்கை எழுதினார்கள். 2021இல் ஒரு நீதிபதி முன்னாள் அதிபர் மக்ரிமீது குற்றம் சாட்டினார். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. எல்லாம் அதிபரின் பாதுகாப்புக்காகத்தான் என்று ஏற்றுக்கொண்டது. பேட்டரி அறையின் பாதுகாப்பு எந்த உளவாளியின் வேலைப் பட்டியலிலும் இல்லை.

தெட்டிஸை 1939 செப்டம்பர் 3ஆம் தேதி, பிரிட்டன் போர் அறிவித்த அதே நாளில், ஆங்கில்சி தீவின் கரையில் கொண்டுவந்து தரைதட்ட வைத்தார்கள். மீட்பு வேலையில் முக்குளிப்பவர் ஒருவரும் செத்தார். சடலங்களை எடுத்துவிட்டு, கழுவி, பழுது பார்த்து, தண்டர்போல்ட் என்று பெயர் மாற்றி, மறுபடி ஆளேற்றி அனுப்பினார்கள். 1943 மார்ச்சில் சிசிலி அருகே இத்தாலியர்கள் அதை மூழ்கடித்தார்கள், 62 பேரோடு. கடற்படை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. குழல் கதவை முழுதாகத் திறக்குமுன் கொஞ்சமாக மட்டும் திறந்து, தண்ணீர் இருந்தால் உடனே இறுக்கிவிடும்படி ஒரு கொண்டியைக் கண்டுபிடித்துப் பொருத்தினார்கள். அதற்குத் ‘தெட்டிஸ் கொண்டி’ என்றே பெயர். சில ரூபாய் இரும்பு. 99 பேர் செத்த பிறகு தோன்றிய யோசனை.

இனி எந்த நாட்டு அமைச்சராவது மைக் முன்னால் வந்து, தொண்டையைச் செருமி, ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஆரம்பித்தால், இரங்கல் செய்தியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள். கடைசியாக அதைச் சோதித்த தேதி என்ன, ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவர் யார், பணம் கேட்ட கடிதத்தில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதியவர் யார் என்று கேளுங்கள். பதிவேட்டை மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். ரகசியம் என்பார்கள். அப்போதும் கேளுங்கள்.